பதினோரு மிதி வைத்தியம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜவேலுவிடம் வராத ஆள் ஊரில் கிடையாது. அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்த ஆளும் கிடையாது. ரேஷன் கார்டோடு வருவார்கள், பட்டாவோடு வருவார்கள், பிள்ளையின் மார்க் ஷீட்டோடு வருவார்கள். "முன்னும் பின்னும் ரெண்டு காப்பி" என்று மெஷினைப் பார்த்துச் சொல்வார்கள். மெஷின் துப்புகிற தாளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். ஒருநாள் காய்கறிக் கடையில் ஒருத்தர் அவனைப் பார்த்து, "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார். அன்று காலையில்தான் அவருக்குப் பதினாறு பக்கம் போட்டுக் கொடுத்திருந்தான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதே ராஜவேல் வாட்ஸப்பில் வேறு ஆள். 'டப்டப் நண்பர்கள்' என்று ஒரு குரூப். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பழைய புல்லட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அதை ஓட்டுவதைவிடத் தள்ளுவதே அதிகம் என்று வாழ்கிற நாற்பத்து மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். அட்மின் ராஜவேல்தான். அங்கே அவனுக்குக் 'கிளட்ச் டாக்டர்' என்று பெயர். பாடாலூரில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் அறிவரசன், வாயைத் திறந்தால் நாலு தெரு கேட்கும். அவனே இங்கே வந்தால் குரலைத் தணித்து, "சார், ஒரு சந்தேகம் சார்" என்பான். அந்த 'சார்' காதில் விழும்போது ராஜவேலுவுக்கு உள்ளங்கால்வரை குளிரும். ஒரே வாய்ஸ் நோட்டை மூன்று தடவை போட்டுக் கேட்பான். சந்தேகத்துக்காக அல்ல, சாருக்காக.

இதில் ஒரு சின்ன விஷயம். கிளட்ச் டாக்டர் இதுவரை ஒரு கிளட்சைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு கத்தைத் தாள். தைக்காமல், இருபுறமும் டைப் அடித்தது. மேல் தாளில் 'புல்லட்டும் நானும்' என்று தலைப்பு. பழைய புல்லட்டில் என்னென்ன கோளாறு வரும், எப்படிக் கண்டுபிடிப்பது என்று தொண்ணூற்றாறு பக்கத்துக்கு அவரே எழுதியிருந்தார். சிநேகிதர்களுக்குக் கொடுக்கப் பத்து செட் வேண்டும் என்றார். செட்டு விழுந்துகொண்டிருக்கும்போது ராஜவேல் சும்மா ஒரு தாளை எடுத்துப் படித்தான். அடுத்ததைப் படித்தான். ஆசை வந்துவிட்டது. பெரியவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் தனக்கென்று பதினோராவது செட் ஒன்றை ஓடவிட்டான். திருட்டு வேலையில் கை பதறுமா இல்லையா? பதறியது. இரண்டு பக்கமும் எடுக்கிற பட்டனை அமுக்க மறந்துவிட்டான்.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்து புரட்டினால், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. எல்லாம் ஒற்றைப்படைப் பக்கம். பின்புறம் வெள்ளை வெளேரென்று சிரிக்கிறது. எழுதினவர் பெயர்கூட இரண்டாம் பக்கத்தில் போய்விட்டது. ஜெராக்ஸ் கடைக்காரன் ஒருபக்கம் மட்டும் எடுத்துவிட்டான் என்று வெளியே சொல்ல முடியுமா? தூத்தேறி என்று தலையில் அடித்துக்கொண்டு, இருப்பதைப் படித்தான். படித்துப் படித்து நாற்பத்தெட்டுப் பக்கமும் மனப்பாடம் ஆகிவிட்டது. அப்புறம் ஒரு புல்லட் வாங்கினான். அப்புறம் குரூப் ஆரம்பித்தான்.

இல்லாத பக்கங்களுக்கு என்ன செய்தான் என்கிறீர்களா? அடித்து விட்டான். நாற்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: 'மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கிளட்சைப் பிடித்துக்கொண்டே கிக்கரை' – அவ்வளவுதான். அடுத்தது நாற்பத்தொன்பது. கிக்கரை என்ன செய்ய? மிதிக்கத்தான் வேண்டும். எத்தனை மிதி? ராஜவேல் இரண்டு நாள் யோசித்துப் பதினொன்று என்று முடிவு செய்தான். ராசியான எண், சொல்லவும் கம்பீரமாக இருந்தது.

லப்பைக்குடிக்காட்டு ஹபீபுல்லா இரண்டு வருஷம் கழித்து சவூதியிலிருந்து லீவில் வந்தார். தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியை எடுத்தால் கிளட்சைப் பிடித்தாலும் விடவில்லை. கியர் போட்டதும் எகிறிக் குதிக்கிறது. டாக்டர் குரூப்பில் மருந்து எழுதினார்: பதினோரு மிதி. ஹபீபுல்லா மிதித்தார், பிளேட் விட்டுக்கொண்டது. "மாஷா அல்லாஹ்! சார் பெரம்பலூர்ல இருந்துக்கிட்டே என் வண்டியச் சரி பண்ணிட்டாரு" என்று அவர் போட்ட வாய்ஸ் நோட்டைக் கேட்டுக் குரூப்பே கைதட்டியது. அன்றுமுதல் எவன் கிளட்ச் மக்கர் பண்ணினாலும் முதல் வைத்தியம் பதினோரு மிதி. பழைய புல்லட் கிக்கரை மிதிப்பது என்ன சாதாரண வேலையா? முழங்கால் கழன்றுவிடும். இருந்தாலும் மிதித்தார்கள். சார் சொல்லிவிட்டாரே.

இப்படி ராஜபோகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், போன தைமாசம், உடையார்பாளையத்திலிருந்து ஹேமலதா குரூப்பில் சேர்ந்தாள். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எழுபத்தாறாம் வருஷத்துப் புல்லட்டில்தான் தினமும் வேலைக்குப் போவாளாம். சேர்ந்த மறுநாளே வாய்ஸ் நோட் போட்டாள்.

"வணக்கம் சார். வண்டி டாப் கியர்ல மேடு ஏற மாட்டேங்குது. இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. கருகுன வாடை வேற வருது."

"கிளட்ச் வழுக்குதும்மா" என்றான் ராஜவேல். அது நாற்பத்தேழாம் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். "கிளட்ச்சுங்கிறது புருசன் பொஞ்சாதி மாதிரி. விடுறப்ப விடணும், பிடிக்கிறப்ப பிடிக்கணும். உங்க கிளட்ச் பிடிக்கல." இது நாற்பத்தைந்தாம் பக்கத்துக் கடைசி வரி. அவன் அடிக்கடி எடுத்துவிடுகிற வரி.

"மூணு மெக்கானிக் பார்த்தாச்சு சார். ஒருத்தர் பிளேட் மாத்தினாரு, ஒருத்தர் ஸ்பிரிங் மாத்தினாரு, ஒருத்தர் ஆயில் மாத்தினாரு. அப்படியேதான் இருக்கு."

ராஜவேலுவின் சரக்கு அதோடு தீர்ந்தது. பதினோரு மிதியைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த வாய்ஸ் நோட் வந்து விழுந்தது. "சார், எங்க அத்தை உங்களை நேர்ல பார்த்தே ஆகணும்ங்கிறாங்க. ஞாயித்துக்கெழமை எங்க வூட்டுக்கு வாங்க."

நாசூக்காக மறுப்பதற்குள் அறிவரசன் குறுக்கே பாய்ந்தான். "சார் நேர்ல போறாரா! அப்ப வண்டி ரெடின்னு எழுதி வச்சுக்கங்க! போட்டோ போடுங்க சார்!" நாற்பது கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன. போகாவிட்டால் கேள்வி வரும். போய்க் கையைப் பிசைந்தால், திங்கட்கிழமையே டாக்டர் வேஷம் கலைந்துவிடும். மறுபடி ஊரில் அவனுக்கு முகம் இல்லை. அவனிடம் இருந்ததே அந்த ஒரு 'சார்'தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தன் புல்லட்டை எடுத்துக்கொண்டு அரியலூர் வழியாகக் கிளம்பினான். சிமெண்ட் லாரிகளின் புழுதியை முழுங்கிக்கொண்டே போனவன், உடையார்பாளையம் எல்லையில் ஒரு புளியமரத்தடியில் நின்றான். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, இரண்டு கையிலும் பதமாகக் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டான். சட்டை நுனியில் ஒரு தீற்று. கண்ணாடியில் பார்த்தான். பரவாயில்லை, மெக்கானிக் மாதிரிதான் இருந்தது.

ஹேமலதாவின் மாமியார் பஞ்சவர்ணத்தம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயசு, கண்ணாடி கிடையாது, கண் மட்டும் ஊசி. வந்தவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க தம்பி. கையெல்லாம் ஒரே கிரீஸா இருக்கே?"

"வழியில ஒரு வண்டியப் பார்த்துட்டு வரேங்கம்மா."

"அப்படியா? நகத்துக்குள்ள மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லியே" என்றார் அம்மாள். ராஜவேல் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வண்டியைக் காட்டினாள் ஹேமலதா. சும்மா சொல்லக்கூடாது, பளபளவென்று ராஜா மாதிரி நின்றது. சந்தனம், குங்குமம், கைப்பிடியில் கறுப்புக் கயிறு, முன்னால் எலுமிச்சம்பழம் என்று சகல மரியாதையும் இருந்தது. ராஜவேல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டாவது சுற்றும் சுற்றினான். அதற்குமேல் சுற்றினால் கோயில் பிரதட்சிணம் ஆகிவிடும் என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஸ்பேனரை எடுத்தான், வைத்தான். எந்த நட்டைத் திருகினால் எது கழலும் என்று அவனுக்குத் தெரிந்தால்தானே?

அப்போதுதான் அவனுக்குத் தன் மெஷின் ஞாபகம் வந்தது. ஜெராக்ஸ் மெஷினில் தாள் மாட்டிக்கொண்டால் புதுசாக வேலைக்கு வருகிறவன் உடனே மூடியைக் கழற்றப் பார்ப்பான். ராஜவேல் கழற்ற மாட்டான். முதலில் வெளியே கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பான். பத்துக்கு எட்டுத் தடவை டிரேயிலேயே ஏதாவது துருத்திக்கொண்டு நிற்கும். மூன்று மெக்கானிக் வந்து மூன்று பேரும் உள்ளேதான் பார்த்திருக்கிறார்கள். சரி, நாம் வெளியே பார்ப்போம் என்று எழுந்தான்.

கிளட்ச் லீவரைத் தொட்டான். நாற்பத்தேழாம் பக்கம் சொல்லியிருந்தது: லீவரில் ஒரு நாலணாக் காசு கனத்துக்குத் தொய்வு இருக்க வேண்டும். இங்கே துளித் தொய்வு இல்லை. கேபிள் விறைத்துக்கொண்டு நின்றது. "கேபிளத் தளர்த்திப் பார்த்தீங்களா?" என்றான். "கடைசிவரைக்கும் திருகியாச்சு சார், அதுக்கு மேல போகல" என்றாள் ஹேமலதா.

அப்படியென்றால் லீவரை எதுவோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. எது? அந்தக் கறுப்புக் கயிறு! கைப்பிடியையும் லீவரின் அடியையும் சேர்த்து, ஒரு கயிறு மேல் இன்னொரு கயிறாக, மஞ்சளும் எண்ணெயும் ஊறிக் கெட்டித்துக் கிடந்தது. லீவர் முழுசாக வெளியே திரும்பவே முடியாது. அதாவது, யாரும் பிடிக்காமலே கிளட்ச் இருபத்துநாலு மணி நேரமும் பாதி பிடித்தபடி இருந்திருக்கிறது. வழுக்காமல் என்ன செய்யும்? மூன்று மெக்கானிக்கும் இதைப் பார்த்துத்தான் இருப்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் எந்த வண்டியில்தான் கறுப்புக் கயிறு இல்லை? வண்டியின் ஒரு உறுப்பு மாதிரி அது பழகிப்போய்விட்டது.

"இது யாருங்க கட்டினது?" என்றான் மெல்ல.

"நான்தான்" என்றார் பஞ்சவர்ணத்தம்மாள், நாற்காலியிலிருந்து நிமிர்ந்து. "ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒண்ணு. பழச அவுக்கக் கூடாது. ஏன், அதுல என்ன?"

ஹேமலதா மாமியாருக்குத் தெரியாமல் கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினாள். ராஜவேல் இரண்டு கையையும் கூப்பினான். இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்று சகல ஜாதிக் கோபக்காரர்களையும் சமாளித்தவன் அல்லவா?

"அம்மா, கயித்துக்குச் சக்தி கூடிப்போச்சும்மா. ஊர்க் கண்ண மட்டும் தடுக்கல, வண்டியவே தடுத்துக்கிட்டு நிக்குது. இவ்வளவு சக்திய இடது கை ஓரத்துல வச்சா எப்படி? முன்னால, லைட்டுக்குக் கீழ நடுநாயகமா இருக்க வேண்டியதுங்க இது."

அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. தானே எழுந்து வந்து, தன் கையாலேயே ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஹெட்லைட்டுக்கு அடியில் கட்டினார். கடைசிக் கயிறு கழன்றதும் லீவர் டக்கென்று ஒரு விரற்கடை வெளியே தள்ளியது. கேபிள் தொய்ந்தது. நாலணாக் கனத்துக்கு ராஜவேல் கேபிளைத் திருகி வைத்தான். இது ஒன்று அவனுக்குத் தெரியும். ஹேமலதா வண்டியைக் கிளப்பி ஏரிக்கரை மேட்டுக்குப் போனாள். இங்கிருந்தே சத்தம் கேட்டது. வீண் கத்தல் இல்லாமல், டாப் கியரில் டப் டப் என்று நிதானமாக ஏறியது. திரும்பி வந்தவள் வாயெல்லாம் பல்லாக, "அத்தை, ஏறிடுச்சு!" என்றாள்.

ராஜவேலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டோ எடுக்கப் போனை வெளியே எடுத்தான்.

"உக்காருங்க தம்பி" என்றார் அம்மாள். "ஒண்ணு கேக்கணும். கிளட்ச்சுங்கிறது புருசன் பொஞ்சாதி மாதிரின்னு சொன்னீங்களே. விடுறப்ப விடணும், பிடிக்கிறப்ப பிடிக்கணும்னு. அதுக்கு அடுத்த வரி என்ன?"

அடுத்த வரி நாற்பத்தாறாம் பக்கத்தில் அல்லவா இருக்கும்?

"நான் சொல்லவா? 'எனக்கு இது புரிய முப்பது வருஷம் ஆனது. பஞ்சவர்ணத்துக்கு முதல் நாளே தெரியும்.' " அம்மாள் குரல் கொஞ்சம் ஆடியது, உடனே சரியாகிவிட்டது. "எங்க வூட்டுக்காரரு சிவசுப்பிரமணியன், பஸ் டெப்போவுல ஃபோர்மேனா இருந்தவரு, எழுதுனது. தினம் ராச் சோத்துக்கு உக்காந்தா அன்னன்னைக்கு எழுதுனதப் படிச்சுக் காட்டுவாரு. இவ போன்ல நீ பேசுறத அடுப்படியில இருந்து கேட்டேன். போயிச் சேர்ந்த மனுசன் எப்படிடா போன்ல பேசுறாருன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. அதுக்குத்தான் உன்னய வரச் சொன்னேன். வண்டிக்கு இல்ல."

'நீங்க' 'நீ' ஆகிவிட்டதை ராஜவேல் கவனித்தான். காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான்: டீ குடிக்கப் போன பெரியவர், பதினோராவது செட்டு, மறந்துபோன பட்டன். "ஒரு பக்கம் மட்டுந்தாம்மா எடுத்தேன்" என்று முடித்தான், ஏதோ அதனால் குற்றம் பாதியாகிவிட்ட மாதிரி.

"அடப் பாவி! திருடுனதுதான் திருடுனே, முழுசாத் திருடக் கூடாதா?" என்றார் பஞ்சவர்ணத்தம்மாள். உள்ளே போய், சாமி மாடத்திலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்தார். ஹேமலதா வாயைப் பிளந்தாள். மாமனார் காலமான வருஷத்துச் சரஸ்வதி பூஜையில் அத்தை வைத்த கட்டு அது. பூஜையில் வைத்ததை எடுத்துப் படிக்கக் கூடாது என்று சொல்லி, ஆறு வருஷமாகச் சந்தனம் வைத்தாரே தவிர, ஒருத்தரையும் பிரிக்க விட்டதில்லை. "படி" என்று மருமகளிடம் நீட்டினார். "நாப்பத்தெட்டு எடு. பாவம், இவன் கிக்கரோட நின்னுக்கிட்டு இருக்கான்."

ஹேமலதா படித்தாள். " 'கிக்கரை ஆறு முறை மிதிக்க வேண்டும். அதற்கு மேல் மிதித்தால் முழங்கால்தான் போகும், வேறு பலன் இல்லை.' " அவள் நிமிர்ந்து ராஜவேலுவைப் பார்த்தாள். "பதினொண்ணு இல்லையா சார்?"

ராஜவேல் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

மேலே படித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அத்தை, கீழ ஒண்ணு எழுதியிருக்காரு. படிக்கவா?" தயங்கித் தயங்கிப் படித்தாள். " 'கடைசியாக ஒன்று. இதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆயுத பூஜைக்குப் பஞ்சவர்ணம் லீவரில் கறுப்புக் கயிறு கட்டுவாள். அதை அப்படியே விட்டுவிட்டால் கிளட்ச் வழுக்கும். கட்டாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. மறுநாள் காலை அவள் கோலம் போடுகிற நேரத்தில் தளர்த்திக் கட்டிவிடுவேன். இருபத்தெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியாது.' "

அம்மாள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதான், அவரு போன பெறவு தளர்த்திவிட ஆள் இல்ல" என்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஹேமலதா கிட்டே போனால், அம்மாள் கண்ணில் தண்ணீர் வர வர விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு ஆம்பளையும் சேர்ந்து இந்தக் கயித்த வச்சு என்னய ஏச்சிருக்கீங்கடா! ஒருத்தன் ஒளிஞ்சு அவுத்தான், ஒருத்தன் என் கையாலயே அவுக்க வச்சுட்டான்!"

சிரிப்பு அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராஜவேலுவின் போனைக் காட்டினார். "இப்ப அதுல சொல்லு. இதெல்லாம் யாரு சொன்னதுன்னு, அவரு பேரச் சொல்லிச் சொல்லு."

ராஜவேல் போனைக் கையில் எடுத்தான். இதோடு போயிற்று, அந்த ஒரு 'சாரும்' போயிற்று. ஆனாலும் பட்டனை அமுக்கினான். ஒளிக்காமல் சொன்னான். தான் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன், கிளட்சைப் பிரித்ததே இல்லை, சொன்னதெல்லாம் உடையார்பாளையம் சிவசுப்பிரமணியன் ஐயா எழுதியது, அதிலும் பாதிதான் தன்னிடம் இருந்தது, மீதி தன் கைச்சரக்கு. "பதினோரு மிதியும் தப்பு. ஆறுதான். மன்னிச்சுக்கங்க."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். போன் கிர்ரென்றது. ஹேமலதாவே எடுத்து சத்தமாக வைத்தாள். அறிவரசன், நாலு தெரு கேட்கிற தன் சொந்தக் குரலில்: "அஞ்சு மிதி கூடவா! ஒவ்வொரு தடவையும் அஞ்சு மிதி! என் முட்டி போச்சேய்யா!" அடுத்து சவூதியிலிருந்து ஹபீபுல்லா: "யா அல்லாஹ், நான் அன்னைக்கு ரெண்டு ரவுண்டு மிதிச்சேனே, இருவத்திரெண்டு!" வரிசையாக வந்து விழுந்தன, எல்லாம் முழங்கால் கணக்கு. திருட்டைப் பற்றி ஒருத்தனும் மூச்சு விடவில்லை. கடைசியில் மறுபடி அறிவரசன், இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"சரி, அது கெடக்கட்டும். என் வண்டியில நியூட்ரல் விழ மாட்டேங்குது. என்ன பண்ண?"

அது ராஜவேலுவிடம் இல்லாத பக்கம். பஞ்சவர்ணத்தம்மாள் போனைப் பிடுங்கினார். "வண்டிய நிறுத்திப்புட்டு நியூட்ரலத் தேடாத தம்பி. நிக்கிறதுக்கு முன்னாடி, உருளுறப்பவே தள்ளிவிடு. அப்பவும் விழலன்னா கேபிளப் பாரு. நான் சிவசுப்பிரமணியன் வூட்டம்மா பேசறேன்."

பிறகு அறிவரசன் வந்தான். "ரொம்ப நன்றிங்கம்மா. அம்மா சொல்லிட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க ராஜவேல் சார்?"

ராஜவேல் போனை வாங்கி அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். அம்மாள் மருமகள் கையிலிருந்த கட்டை வாங்கி, நியூட்ரல் பற்றிய ஐம்பதாம் பக்கத்தில் விரலை வைத்து அவனிடம் நீட்டினார்.

"கொண்டுபோயி எடுத்துக்கிட்டுப் பத்திரமாக் கொண்டாந்து குடு. உங்க குரூப்புக்கு நாப்பத்து மூணு செட்டு" என்றார். "முன்னும் பின்னும்."